பத்தாவது கேள்விக்கு டிக் போட்டவங்கள என்ன பண்ணப் போறீங்க?

பிரசவம் பாக்குற டாக்டர்களுக்கு, பிரசவ வார்டு நர்ஸ்களுக்கு, அந்த ஆஸ்பத்திரிகள நடத்துற நிர்வாகத்துக்கு,

வணக்கம். நான் டாக்டரும் இல்ல, மனநல கவுன்சிலரும் இல்ல, ஒரு அம்மா, அவ்வளவுதான். என் பொண்ணுக்கு இப்ப 5 வயசு. அவ பொறந்து 6 வாரத்துல செக்கப்புக்கு போனப்போ ஒரு பேப்பர் குடுத்தாங்க, கடந்த 7 நாள்ல எப்படி இருந்தீங்கன்னு 10 கேள்வி. ஒரு கைல குழந்தை, இன்னொரு கைல பேனா, ஒவ்வொண்ணா டிக் பண்ணிக்கிட்டே வந்தேன். 10வது கேள்வி, உங்கள நீங்களே ஏதாவது பண்ணிக்கணும்னு தோணிச்சான்னு. அங்க பேனா நின்னுடுச்சு. "இல்லவே இல்ல"ன்னு போட்டா வீட்டுக்கு போயிடலாம். ஆனா அன்னிக்கு எனக்கு பொய் சொல்றதுக்குக் கூட தெம்பு இல்ல. "எப்பவோ ஒரு தடவை"ங்குற கட்டத்துல டிக் பண்ணி குடுத்துட்டேன்.

பேப்பர வாங்கினாங்க, ஃபைல்ல வச்சாங்க. குழந்தைய எடை போட்டாங்க, நல்லா ஏறியிருக்குன்னு சொன்னாங்க, தையல் ஆறிடுச்சான்னு பாத்தாங்க, அடுத்த தடுப்பூசி தேதி எழுதி குடுத்தாங்க. அவ்வளவுதான். நான் வெளிய வந்து என்ன நினைச்சேன்னு சொல்லவா? யாருமே ஒண்ணும் கேக்கலையே, அப்போ இது எல்லாருக்கும் வர்றதுதான் போல, எனக்குத்தான் தாங்கத் தெரியல போலன்னு நினைச்சேன். அந்த நினைப்போட இன்னும் ரெண்டரை மாசம் ஓட்டினேன். எனக்கு இருந்தது பிரசவத்த ஒட்டி அம்மாக்களுக்கு வர்ற டிப்ரஷன். அந்த ரெண்டரை மாசத்த பத்திதான் இந்த மடல்.

முதல்ல அந்த பேப்பர பத்தி ஒண்ணு சொல்லணும், எனக்கு இது ரொம்ப பின்னாடிதான் தெரிஞ்சுது, தெரிஞ்சப்போ மனசு கஷ்டமாயிடுச்சு. அதுக்கு பேரு எடின்பரோ ஸ்கேல். ஸ்காட்லாந்துல ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கின்னு 3 பேர் சேந்து 1987ல வெளியிட்டது. உலகம் பூரா எத்தனையோ மொழில இன்னிக்கு அதத்தான் பயன்படுத்துறாங்க. ஆனா அதே 3 பேர் ரெண்டே வருஷத்துல, 1989ல, இன்னொரு வேலையும் பண்ணி வெளியிட்டாங்க. டிப்ரஷன் இருக்குன்னு கண்டுபிடிச்ச அம்மாக்களோட வீட்டுக்கு, வழக்கமா குழந்தைய பாக்க வர்ற நர்ஸையே, கொஞ்சம் பயிற்சி குடுத்து, வாரம் ஒரு தடவைன்னு 8 வாரம் அனுப்பினாங்க. எதுக்கு? உக்காந்து கேக்குறதுக்கு. புத்தி சொல்றதுக்கு இல்ல, கேக்குறதுக்கு. 3 மாசம் கழிச்சு பாத்தா, அப்படி பேச ஆள் கிடைச்ச 26 பேர்ல 18 பேர் முழுசா வெளிய வந்துட்டாங்க, வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைச்ச 24 பேர்ல 9 பேர்தான். சின்ன ஆய்வுதான், ஒத்துக்குறேன். ஆனா பாருங்க, அந்த கேள்விய எழுதினவங்களுக்கே கேள்வி மட்டும் பத்தாதுன்னு தெரிஞ்சிருக்கு. நம்ம ஆஸ்பத்திரிங்க அந்த பேப்பர எடுத்துக்கிட்டோம், அந்த 8 வாரத்த எடுத்துக்கல.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் சொல்றேன், ஏன்னா சோகமா அழுதுக்கிட்டே இருந்தாத்தான் டிப்ரஷன்னு உங்கள்ல சில பேரே நினைக்குறீங்க. நான் அழுதது கம்மி. எனக்கு வந்தது கோவம். அப்புறம் ஒண்ணுமே இல்லாத மாதிரி ஒரு நிலை, குழந்தை சிரிச்சா அது சிரிக்குதுன்னு தெரியும், உள்ள எதுவும் அசையாது. குழந்தை தூங்கும்போது தூங்குங்கன்னு எல்லாரும் சொன்னாங்க, குழந்தை தூங்கும், நான் சீலிங்க பாத்துக்கிட்டு அது எப்போ எந்திரிக்குமோன்னு நெஞ்சு அடிச்சுக்க படுத்திருப்பேன். இவளுக்கு வேற யாராவது அம்மாவா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணும், அது ஏதோ கவலையா தோணல, கணக்கு போட்டு வந்த விடை மாதிரி தெளிவா தோணும், அதுதான் பயங்கரம்.

இது பிரசவத்துக்கு அப்புறம் ஆரம்பிச்சதும் இல்ல. 7வது மாசமே ஆரம்பிச்சிடுச்சு. அப்போ ஸ்கேன் எடுத்தீங்க, ரத்தம் எடுத்தீங்க, சுகர் பாத்தீங்க, பிரஷர் பாத்தீங்க, மனசு எப்படி இருக்குன்னு ஒரு தடவை கூட கேக்கல. 2013ல அமெரிக்காவுல 10,000 அம்மாக்கள பிரசவத்துக்கு அப்புறம் பரிசோதிச்ச ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, அதுல டிப்ரஷன் இருந்தவங்கள்ல கிட்டத்தட்ட 3ல ஒரு பங்கு பேருக்கு கர்ப்பத்துலயே ஆரம்பிச்சிருக்கு, கால் பங்குக்கு மேல கர்ப்பத்துக்கும் முன்னாடியே இருந்திருக்கு. அதாவது பாதிக்கு மேல உள்ளவங்க உங்க முன்னாடி மாசா மாசம் வந்து உக்காந்துட்டு போயிருக்காங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி கர்ப்பமா இருக்குறவங்கள்ல 10 சதவீதம், பிரசவத்துக்கு அப்புறம் 13 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநல பிரச்சனை, பெரும்பாலும் டிப்ரஷன், வளரும் நாடுகள்ல இன்னும் அதிகம். உங்க வெயிட்டிங் ரூம்ல வரிசையா உக்காந்திருக்குறவங்கள ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

பிரசவம் ஆன 3வது நாள், 4வது நாள் காரணமே இல்லாம அழுகை வர்றது வேற. அது நிறைய பேருக்கு வரும், ரெண்டு வாரத்துல தானா போயிடும். ரெண்டு வாரம் தாண்டியும் போகலன்னா "எல்லாம் சரியாயிடும்மா"ன்னு சொல்லி அனுப்பாதீங்க.

இப்ப பேச்சு சிகிச்சைக்கு வர்றேன், அதாவது ஒரு கவுன்சிலரோட உக்காந்து பேசிப் பேசியே மனச சரி பண்ற சிகிச்சை. இத பத்தி உங்ககிட்ட பேசினா பாதி பேர் முகத்துல ஒரு மாதிரி தெரியும், பேசினா போயிடுமா, இது என்ன ஆறுதல் வார்த்தையான்னு. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆறுதல் எனக்கு ஏற்கனவே நிறைய கிடைச்சுது, எல்லாரும் குடுத்தாங்க, அதனால குற்ற உணர்ச்சிதான் கூடிச்சு. பின்னாடி ஒரு கவுன்சிலர்கிட்ட போனேன், அவங்க ரூம்ல நடந்தது ஆறுதல் இல்ல.

முதல் நாள் அந்த கவுன்சிலர் அம்மா நேத்து விடிகாலை 4 மணில இருந்து என்ன நடந்துச்சுன்னு மணி மணியா சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லச் சொல்ல அவங்க ஒரு தாள்ல எழுதினாங்க. 24 மணி நேரம் முடிச்சு அந்த தாள என் பக்கம் திருப்பி வச்சு, இதுல உங்களுக்குன்னு இருந்த நேரத்த வட்டம் போடுங்கன்னாங்க. குளிச்ச 10 நிமிஷம். அதுலயும் தண்ணி சத்தத்துக்கு நடுவுல குழந்தை அழுற மாதிரி கேட்டு பாதில ஓடி வந்திருந்தேன். அவங்க அதுக்கு ஒண்ணும் சொல்லல. அடுத்த வாரத்துக்குள்ள தினமும் 20 நிமிஷம், வீட்டுக்கு வெளிய, வெளிச்சத்துல, குழந்தை இல்லாம, அது மட்டும் பண்ணுங்க, பிடிச்சிருக்கா பிடிக்கலையான்னு பாக்காதீங்க, பண்ணிட்டு எழுதி வைங்கன்னு சொன்னாங்க. மனசு நல்லானதும் வேலைய பாக்கலாம்னு நாம காத்துக்கிட்டு இருப்போம், இதுல அப்படியே தலைகீழ், முதல்ல சின்னதா ஒண்ண செய்யணும், மனசு பின்னாடி வரும். எனக்கு 3வது வாரம் வந்துச்சு.

அந்த 20 நிமிஷத்துக்கு குழந்தைய வீட்டுக்காரர்கிட்ட குடுக்கணும்ல, அதுதான் எனக்கு முடியல. கேக்க வாய் வரல. ஏன்னு அவங்க கேட்டப்போ ரொம்ப நேரம் சும்மா இருந்துட்டு, கேட்டா என்னால முடியலன்னு ஆயிடும்னு சொன்னேன். அவ அழுதா நான் கெட்ட அம்மான்னு தோணுதுன்னு சொன்னேன். அவங்க, இதே குழந்தை இதே மாதிரி அவர் கைல அழுதா அவர் கெட்ட அப்பாவான்னு கேட்டாங்க. நான் பட்டுன்னு, இல்லையே, அவளுக்கு வயித்த வலிக்குதுன்னு நினைப்பேன்னு சொன்னேன். சொல்லிட்டு நானே அப்படியே உக்காந்துட்டேன். அவர் கைல அழுதா வயித்து வலி, என் கைல அழுதா என் தப்பு. அத்தனை மாசம் ராத்திரி பகலா என் தலைக்குள்ள இந்த தீர்ப்பு ஓடிக்கிட்டு இருந்திருக்கு, ஒரு தடவை கூட வெளிய எடுத்து பாத்ததில்ல. 1960கள்ல ஆரன் பெக்ங்குற அமெரிக்க மனநல டாக்டர் ஆரம்பிச்சு வச்ச முறை இது, தலைல தானா வர்ற எண்ணத்த பிடிச்சு, இதுக்கு ஆதாரம் என்ன, வேற விதமா பாக்க முடியுமான்னு கேக்குறது. கேக்க சுலபமா இருக்கு. ராத்திரி 3 மணிக்கு தனியா செய்யவே முடியாது, கூட ஒருத்தர் உக்காந்து பழக்கிவிட்டாத்தான் வரும்.

இன்னொரு முறையும் இருக்கு, மனுஷங்களோட உறவ வச்சு பண்றது, ஜெரால்ட் கிளெர்மனும் மிர்னா வைஸ்மனும் 1970கள்ல உருவாக்கினது. அதுல 4 விஷயத்த பாப்பாங்க, இழப்பு, உறவுல சண்டை, வாழ்க்கைல வர்ற பெரிய மாற்றம், தனிமை. ஒரு குழந்தை பொறந்த வீட்ட யோசிச்சுப் பாருங்க, இந்த நாலுல எது அங்க இல்ல? எனக்கு இருந்தது மூணாவது. நான் வேலைக்கு போய்க்கிட்டு இருந்தவ, எனக்குன்னு ஒரு பேரு இருந்துச்சு, இப்ப எல்லாரும் என்னை பாப்பாவோட அம்மான்னுதான் கூப்பிடுறாங்க. அந்த பழைய ஆளுக்காக நான் துக்கப்படலாம்னு எனக்கு யாரும் அதுவரைக்கும் சொன்னதில்ல. குழந்தை மேல ஆசையும் இருக்கலாம், போன வாழ்க்கைக்காக அழவும் செய்யலாம், ரெண்டும் ஒரே நெஞ்சுல இருக்கும். அப்புறம் வீட்டுல என்ன சொல்லணும்னு அந்த ரூம்லயே ஒத்திகை பாத்தோம், நிஜமாவே, அவங்க என் வீட்டுக்காரர் மாதிரி உக்காந்தாங்க, நான் "சாயங்காலம் 6 மணில இருந்து 6:20 வரைக்கும் நீங்க வச்சுக்கோங்க, அழுதாலும் என்னை கூப்பிடாதீங்க"ன்னு சொல்லிப் பழகினேன். 4 தடவை சொல்லிப் பாத்தேன். 5வது தடவை வீட்டுல சொன்னேன்.

மொத்தம் 12 வாரம். கடைசி வாரம் அந்த 10 கேள்விய திரும்ப எழுதினேன், இந்த தடவை எதுத்தாப்புல ஒரு ஆள் இருந்தாங்க.

இப்ப நீங்க சொல்லப்போற பதில் எனக்குத் தெரியும். இவ்வளவு பேருக்கு மனநல டாக்டருக்கு நாங்க எங்க போறதுன்னுதானே. பாகிஸ்தான்ல ராவல்பிண்டி பக்கத்து கிராமங்கள்ல அதீஃப் ரஹ்மான்னு ஒரு டாக்டரோட குழு செஞ்சத பாருங்க. 903 அம்மாக்கள், கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்லயே டிப்ரஷன் இருந்தவங்க. அங்க ஒரு மனநல டாக்டரையும் கொண்டு போய் இறக்கல. வீடு வீடா போற பெண் சுகாதார ஊழியர்களுக்கே பயிற்சி குடுத்தாங்க, அவங்கள கூப்பிட்டு வச்சு வழிநடத்த மேல ஒரு ஆள வச்சாங்க. மொத்தம் 16 சந்திப்பு, பிரசவத்துக்கு முந்தின மாசம் வாரா வாரம் 4, பிரசவம் ஆன முதல் மாசத்துல 3, அப்புறம் மாசத்துக்கு ஒண்ணுன்னு 9. 2008ல முடிவு வந்துச்சு: குழந்தைக்கு 6 மாசம் ஆனப்போ இந்த முறைல பேசினவங்கள்ல 23 சதவீதம் பேருக்குத்தான் டிப்ரஷன் இருந்துச்சு, இந்த பயிற்சி இல்லாத ஊழியர்கள் அதே எண்ணிக்கைல வீட்டுக்கு போயிட்டு வந்த இடத்துல 53 சதவீதம். அதே எண்ணிக்கை, கவனிங்க. வீட்டுக்கு போனது ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், எப்படி பேசினாங்கங்குறதுதான் வித்தியாசம். உலக சுகாதார நிறுவனம் 2015ல இத கையேடாவே போட்டுருச்சு, யார் வேணா எடுத்து பயன்படுத்தலாம். ஆள் இல்லங்குற பதில இதுக்கப்புறமும் என்னால ஏத்துக்க முடியல.

பேசினா எல்லாம் தீந்துடும்னு நான் சொல்ல வரல. இங்கிலாந்துல 2003ல ஒரு ஆய்வு, 3 விதமான பேச்சு சிகிச்சைய வழக்கமான கவனிப்போட ஒப்பிட்டாங்க, நாலரை மாசத்துல நல்ல பலன் தெரிஞ்சுது, 9 மாசம் ஆகுறப்போ பேசாதவங்களும் பெரும்பாலும் தேறி வந்து அந்த வித்தியாசம் மறைஞ்சுடுச்சு. அப்போ தானா சரியாகுறதுக்கு எதுக்கு இவ்வளவுன்னு கேப்பீங்க. அந்த நாலு, அஞ்சு மாசம் யாரோட மாசம்னு நான் திருப்பி கேப்பேன். என் பொண்ணு முதல் தடவை சிரிச்சது அந்த மாசங்கள்லதான், எனக்கு அது ஞாபகமே இல்ல, போட்டோவுல பாத்து தெரிஞ்சுக்குறேன்.

ரொம்ப கடுமையா இருந்தா மாத்திரை வேணும், தாய்ப்பால் குடுக்கும்போதும் எடுத்துக்கக்கூடிய மாத்திரை இருக்கு, அது உங்களுக்கு என்னைவிட நல்லா தெரியும். ஏற்கனவே மாத்திரை எடுத்துக்கிட்டு இருக்குறவங்கள கர்ப்பம்னு தெரிஞ்ச அன்னிக்கே பயந்து நிறுத்த விடாதீங்க, உக்கார வச்சு பேசி முடிவு பண்ணுங்க. பேச்சும் மாத்திரையும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்ல. அப்புறம் 1000 பிரசவத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு வர்ற சைக்கோசிஸ், இல்லாதது கேக்குறது, தூக்கமே தேவைப்படாத மாதிரி பரபரன்னு இருக்குறது, குழந்தைய பத்தி விபரீதமா நம்புறது, இதுக்கு அடுத்த வாரம் வாங்கங்குற பேச்சே கிடையாது, அன்னிக்கே அட்மிட் பண்ணணும்.

நான் கேக்குறது பெருசு இல்ல. மனநல பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதி குடுத்து அனுப்புறத நிறுத்துங்க. அந்த சீட்டு எனக்கும் பின்னாடி குடுத்தாங்க, வேற கட்டடம், வேற நாள், குழந்தைய கூட்டிட்டு வரக்கூடாதுன்னாங்க. பால் குடிக்குற குழந்தைய எங்க விட்டுட்டு போறது? ரெண்டு தடவை போக முடியல, "வரவில்லை"ன்னு எழுதி பேர அடிச்சிட்டாங்க. வர முடியாம போறதே இந்த நோயோட ஒரு பாகம்னு தெரிஞ்சவங்க அப்படி பேர அடிக்க மாட்டாங்க, போன் பண்ணுவாங்க. எடை போடுற அதே இடத்துல, தடுப்பூசி போடுற அதே நாள்ல, குழந்தை மடில இருக்க இருக்க பேச ஒரு ரூம் வேணும், கதவு சாத்துற மாதிரி. வர முடியாதவங்களுக்கு போன்ல. இங்கிலாந்துல 2014 வழிகாட்டுதல்லயே இருக்கு, அனுப்பின ரெண்டு வாரத்துக்குள்ள ஆள பாக்கணும், பாத்த ஒரு மாசத்துக்குள்ள பேச்சு சிகிச்சை ஆரம்பிக்கணும்னு. அந்த மாதிரி ஒரு கெடுவ நீங்களும் சுவத்துல எழுதி ஒட்டுங்க.

கேள்விய கேக்கும்போது கூட வந்தவங்கள கொஞ்ச நேரம் வெளிய உக்காரச் சொல்லுங்க, தயவுசெஞ்சு. வீட்டுல அடி வாங்குறவ, அடிக்குறவர் பக்கத்துல உக்காந்திருக்க எப்படி உண்மைய எழுதுவா? குழந்தை தங்காமப் போனவங்களுக்கும் இதே கேள்விய கேளுங்க, குழந்தை இல்லாததால அவங்களுக்கு தடுப்பூசி தேதியும் இல்ல, திரும்ப கூப்பிட ஒரு காரணமும் இல்லாம உங்க நோட்டுல இருந்தே காணாமப் போயிடுறாங்க. அப்பாக்களையும் கேளுங்க, அவங்கள்லயும் கிட்டத்தட்ட 10ல ஒருத்தருக்கு இருக்கு.

10வது கேள்விய பத்தி நேரா கேட்டா, இல்லாத நினைப்ப நாமளே விதைச்ச மாதிரி ஆயிடுமோன்னு பயப்படாதீங்க. அப்படி ஆகாது. என்கிட்ட கேட்டது ஒரு தடுப்பூசி போடுற நர்ஸ் அக்கா. குழந்தைக்கு ஊசி போட்டு முடிச்சு, பழைய ஃபைல புரட்டினவங்க அப்படியே நின்னாங்க. கதவ சாத்திட்டு வந்து என் எதுத்தாப்புல உக்காந்து, "இந்த கட்டத்துல டிக் பண்ணியிருக்கியே கண்ணு, இப்பவும் அப்படி தோணுதா?"ன்னு கேட்டாங்க. வெளிய வரிசை நின்னுச்சு, யாரோ கதவ தட்டினாங்க, அவங்க எந்திரிக்கல. எனக்கு அந்த கவுன்சிலர தேடிப் பிடிச்சு, குழந்தையோட வரலாம்னு பேசி வச்சதும் அவங்கதான். அந்த அக்காவுக்கு அது வேலைல சேந்தது இல்ல, அன்னிக்கு வேற யாராவது ட்யூட்டில இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் இன்னமும் சில ராத்திரி யோசிக்குறேன். அது யார் ட்யூட்டிங்குற அதிர்ஷ்டத்துல விடக்கூடாத விஷயம், அதுக்குத்தான் இவ்வளவு எழுதுறேன்.

கடைசியா ஒண்ணு. கனடாவுல ஒன்டாரியோல 2009ல ஒரு ஆய்வு வெளிவந்துச்சு, டிப்ரஷன் வர வாய்ப்பு அதிகம் உள்ள 701 அம்மாக்கள். அவங்கள்ல பாதி பேருக்கு, ஏற்கனவே இத அனுபவிச்சு மீண்டு வந்த அம்மாக்கள் போன் பண்ணி பேசினாங்க. பேசின அந்த அம்மாக்களுக்கு குடுத்த பயிற்சி 4 மணி நேரம். 12 வாரத்துல பாத்தா, போன் வந்தவங்கள்ல 14 சதவீதம் பேருக்கு டிப்ரஷன் அறிகுறி, வராதவங்கள்ல 25 சதவீதம்.

அந்த 4 மணி நேர பயிற்சிய நீங்க வைங்க, நான் வர்றேன். பொண்ணு ஸ்கூலுக்கு போயிடுறா, காலைல 9:30ல இருந்து மத்தியானம் வரைக்கும் நான் ஃப்ரீ, சாயங்காலம் அவ தூங்கினதுக்கு அப்புறம் போன்லயும் பேசுவேன். என்னை மாதிரி வரத் தயாரா இன்னும் 6 அம்மாக்கள் எனக்கே தெரியும். எங்க பேரெல்லாம் எழுதின தாள இந்த மடலோட சேத்து வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
10வது கேள்விக்கு டிக் போட்ட ஒரு அம்மா